படத்தில் முகம் தெரிய வேண்டும்

மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பாடசாலையில் எடுத்த வகுப்புப் படம் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இரண்டு நாள்தான் இருந்தது. மூன்றாம் நாள் காணவில்லை. தேடியபோது அவளுடைய புத்தகப் பையின் அடியில் நான்காக மடிந்து கிடந்தது.

“ஏன் பிள்ளை கழட்டினனி?”

அவள் படத்தை விரித்து, பின்வரிசையில் தான் நின்ற இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்க ஒண்டுமில்லை அம்மா.”

பார்த்தேன். அந்த வருடத்தின் முதற் பனி கொட்டிய நாளில் வெளியே நிற்க வைத்து எடுத்த படம். பின்னால் பனி, காலடியில் பனி, முன்வரிசை முழுக்கப் பொன்னிறத் தலைகள். மற்றப் பிள்ளைகளின் மூக்குநுனிச் சிவப்பு வரைக்கும் தெரிந்தது. என் மகளின் தொப்பி தெரிந்தது, தொப்பியில் நான் பின்னிய பூவும் தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்களின் வெள்ளையும் பல்லும் மட்டும். மிச்சம் நிழல். அவள் சொன்னது சரிதான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே மாதிரி இன்னொரு படம் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது.

2005 ஆம் ஆண்டு கிளிநொச்சியில் என் மச்சாளின் கலியாணம் நடந்தது. பெண் மாப்பிள்ளையோடு சொந்தக்காரர் நின்று எடுத்த படங்களில் ஒன்றில் என் தம்பி நிற்கிறான். அவன் கூச்ச சுபாவம். பந்தியில் கடைசி ஆளாக இருப்பான், படத்தில் பின்வரிசையில் நிற்பான். 2009 இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் எங்கள் அல்பம் முள்ளிவாய்க்காலில் போய்விட்டது. அந்த ஏப்ரலில் தம்பியும் போய்விட்டான். கலியாணப் படத்தின் ஒரு பிரதி மட்டும் வவுனியாவில் சின்னம்மாவிடம் இருந்தது. அம்மாவிடம் தம்பியின் முகம் என்று இருப்பது அது ஒன்றுதான். அதிலும் முன்வரிசையில் மாமாவின் வேட்டி பளிச்சென்று வெளுத்திருக்கிறது. தம்பியின் முகம் கறுப்பாகத் திட்டுப்பட்டிருக்கிறது.

இந்த இரண்டு படங்களாலும்தான் நான் கமரா தூக்கினேன். இல்லாவிட்டால் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து, குளிரில் போய்ப் படம் பிடிக்க எனக்கென்ன விசரா?

நாங்கள் இருப்பது நோர்வேயின் வடக்கே த்ரொம்சோவில். ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே ஏறத்தாழ 350 கிலோமீற்றர். இங்கே நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரை அடிவானத்துக்கு மேலே வராது. மலைகளும் மறைப்பதால் ஜனவரி 21 ஆம் திகதியைத்தான் சூரிய நாள் என்று கொண்டாடுகிறார்கள், இனிப்புப் பணிஸ் சாப்பிட்டு. புதிதாக வந்தவர்கள் பயப்பட வேண்டாம். அந்த நாட்களிலும் நடுப்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் ஒரு நீல வெளிச்சம் இருக்கும். படம் பிடிக்கிறவர்களுக்கு அது ஒரு வரம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் வேலை செய்வது மீன் தொழிற்சாலையில், முள் எடுக்கும் மேசையில். பக்கத்தில் நிற்கும் போலந்துக்காரி கடற்பறவைகளைப் படம் பிடிப்பவள். வகுப்புப் படத்தின் கதையை எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் இடைவேளையில் அவளுக்குச் சொன்னேன். “செவ்வாய்க்கிழமை என்னோடு வா” என்றாள்.

அது பொழுதுபோக்காகப் படம் பிடிப்பவர்களின் ஒரு சிறு கழகம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை நூலகத்தின் பின்னறையில் கூடுவார்கள். பதினைந்து பேர் வரை வருவார்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். ஒவ்வொருவரும் அண்மையில் எடுத்த இரண்டு படங்களைச் சுவரில் போட்டுக் காட்டி, எப்படி எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். நாங்கள் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்வதுபோல, அவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் மூன்று எண்கள் சொன்னார்கள். “எப் 8, 1/250, ஐ.எஸ்.ஓ. 200.” அடுத்தவர், “எப் 2.8, எட்டுச் செக்கன், ஐ.எஸ்.ஓ. 1600.” அது வடதுருவ ஒளிப் படம், வானம் முழுக்கப் பச்சை.

மொழி வராத எனக்கு அந்த அறையில் முதல் நாளே பாதி விளங்கியது. எண்கள் எல்லா மொழியிலும் எண்கள்தானே. மொழி வகுப்பில் வாய் திறக்கக் கூசுகிறவர்கள் இப்படி ஒரு இடம் தேடிப் போங்கள். சமையல், தையல், மீன்பிடி, எதுவாகவும் இருக்கலாம்.

ஓ.எல். சோதனையோடு படிப்பு நின்ற எனக்குப் பின்னக் கணக்கு என்றால் பயம். ஆனாலும் அந்த மூன்று எண்களில் பெரிய வித்தை இல்லை. எப் என்பது லென்ஸின் துவாரம். எண் சிறிதானால் துவாரம் பெரிது, வெளிச்சம் கூட வரும். இந்தத் தலைகீழ்தான் முதலில் குழப்பும். இரண்டாவது, அந்தத் துவாரம் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. 1/125 செக்கன் என்றால் நிற்கிற பிள்ளை தெளிவாக வரும். ஓடுகிற பிள்ளைக்கு 1/500 ஆவது வேண்டும். மூன்றாவதான ஐ.எஸ்.ஓ. வை விளங்கிக்கொள்ள எனக்கு அப்பாவின் றேடியோ உதவியது. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பற்றறி வரத் தடை. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார், நாங்கள் மாறி மாறி மிதியைச் சுற்றுவோம், டைனமோவில் றேடியோ பாடும். நிலையம் தூரத்தில் என்றால் அப்பா சத்தத்தைக் கூட்டுவார். செய்தியும் கூடும், இரைச்சலும் கூடும். ஐ.எஸ்.ஓ. வைக் கூட்டுவதும் இப்படித்தான். இருட்டில் படம் வரும், கூடவே மணல் தூவியது போலப் புள்ளிகளும் வரும். என்னைக் கேட்டால் புள்ளி பரவாயில்லை. இரைச்சலுக்குள்ளும் நாங்கள் செய்தி கேட்டவர்கள்தானே.

கமரா வாங்கினேன். 2011 இல் வந்த கனன் 600டி, யாரோ பாவித்தது, விலை 1500 குரோணர். இவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த மாதம் மீன் சமைத்த நாட்கள் கூட. தொழிற்சாலையில் மலிவாகக் கிடைக்கும் அல்லவா.

முதற் பாடம் பனி. பனியில் நான் எடுத்த படமெல்லாம் சாம்பல் நிறமாக, விடியாத காலை போல வந்தன. கழகத்தில் ஒரு கிழவர் இருக்கிறார், மின்சார வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர்தான் காரணம் சொன்னார். கமராவுக்குள் இருக்கும் வெளிச்ச அளவிக்கு முன்னால் இருப்பது பனியா கரியா என்று தெரியாது. உலகத்தைச் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் அது கணக்குப் போடுகிறது. பனியைக் கண்டால் ‘ஐயோ, வெளிச்சம் கூடிப் போச்சு’ என்று குறைத்துவிடும். ஆகவே நாங்கள் +1, சில நாள் +1⅔ என்று கூட்டி வைக்க வேண்டும். +1 என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. கூட்டினேன், பனி பனியாக வந்தது.

மகளின் வகுப்புப் படத்தில் நடந்ததும் இதுதான். அன்று கமராவைத் தன் பாட்டில் விட்டிருக்கிறார்கள். பனி சாம்பலாகியிருக்கிறது. வெள்ளைப் பிள்ளைகளின் முகங்கள் ஒரு படி இறங்கியும் தப்பிவிட்டன, அவர்களுக்கு இறங்க இடம் இருந்தது. என் மகளுக்கு அந்த இடம் இல்லை. இதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, கறுப்பு உழுந்தையும் வெள்ளை அரிசியையும் மேசையில் வைத்து, விளக்கை மெல்ல மெல்லக் குறைத்துக் காட்டினேன். அரிசி கடைசி வரை தெரிந்தது. உழுந்து முதலே மறைந்தது. “உழுந்து அங்கதான் இருக்கு” என்றாள். பிள்ளைக்கு விளங்கிவிட்டது.

ஆனால் எனக்கு இன்னும் விளங்கவில்லை. முகத்தைச் சரியாக எடுக்க என்ன செய்யலாம் என்று கழகத்தில் கேட்டேன். புள்ளியளவை என்று ஒன்று கமராவில் இருக்கிறது. நடுவிலுள்ள சின்ன இடத்தை மட்டும் அளக்கும். “அதைக் கன்னத்தில் வைத்து அள, பிறகு +1 கூட்டு” என்றார் ஒருவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். வீட்டில் அப்படியே செய்தேன். மகள் வெளிறிப் போய், காய்ச்சல்காரி மாதிரி வந்தாள். நெற்றி எண்ணெய் பூசியது போல மினுங்கியது. அவளே பார்த்துவிட்டு “இது ஆர்?” என்றாள்.

அடுத்த செவ்வாய் அந்தப் படத்தையே சுவரில் போட்டேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மின்சாரக் கிழவர் சிரித்தார். “நாங்கள் சொன்னது எங்களுடைய கன்னத்துக்கு” என்றார். வெள்ளைத் தோல் நடுச் சாம்பலைவிட ஒரு படி வெளிச்சமானது, அதனால் +1. எங்களுடைய தோல் அந்த நடுச் சாம்பலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அல்லது கொஞ்சம் கீழே. ஆகவே எங்கள் கன்னத்தில் அளந்தால் கூட்டவே வேண்டாம், பூச்சியத்தில் விடலாம், நல்ல கறுப்பென்றால் ⅓ அல்லது ⅔ குறைக்கலாம். நாற்பது வருடமாகப் படம் பிடிக்கிற மனிதர், இதை இன்றைக்குத்தான் யோசித்தேன் என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. இன்னொன்றும் சொன்னார்: “மற்றவரின் படத்தைப் பார்த்து எண்ணைக் கேட்காதே. வெளிச்சம் எந்தப் பக்கம் நின்றது, எவ்வளவு தூரத்தில் நின்றது என்று கேள்.”

கிழவர் மட்டும் யோசிக்காமல் இருந்தார் என்றில்லை. படச்சுருள் காலத்தில் கொடாக் கொம்பனி, நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்கப் படம் கழுவும் இடங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதற் படத்திலிருந்த ஊழியரின் பெயரால் அதை ‘ஷேர்லி அட்டை’ என்பார்கள். ஷேர்லியின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கனடாவின் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ரோத் 2009 இல் இதைப்பற்றி எழுதிய கட்டுரையில், அந்தக் கொம்பனியில் முன்பு வேலை செய்தவர்கள் சொன்ன ஒரு தகவல் இருக்கிறது. சொக்லேட் செய்கிறவர்களும் மரத்தளபாடம் செய்கிறவர்களும் தங்கள் மண்ணிறங்கள் படத்தில் வித்தியாசம் தெரியாமல் வருகின்றன என்று முறையிட்ட பிறகுதான் திருத்த வேலை நடந்ததாம். எங்கள் முகங்களுக்காக அல்ல, சொக்லேட்டுக்காக! பல நிறத்துப் பெண்களும் சேர்ந்த அட்டை வந்தது 1990களில். இப்போதைய கமராக்களும் கைத்தொலைபேசிகளும் எவ்வளவோ மேல். 2021 இல் கூகிள் தன் பிக்சல் 6 தொலைபேசியில் கறுத்த தோல்களையும் சரியாகக் காட்டவென்று தனி ஏற்பாடே செய்தது. என்றாலும் பனிக்கு முன்னால் நின்றால் இன்றைக்கும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

தம்பியின் படத்தைச் சின்னம்மாவிடமிருந்து தபாலில் எடுப்பித்துக் கிழவரிடம் கொடுத்தேன். அவர் அதை நல்ல இயந்திரத்தில் ஸ்கான் செய்து, கறுப்பை மெல்ல மெல்லத் தூக்கினார். மாமாவின் தோளுக்குப் பின்னால் ஒரு காதின் ஓரம் தெரிந்தது. பிறகு நாடியின் கோடு. அதற்கு மேல் தூக்கத் தூக்க மணல்தான் வந்தது. கிழவர் கையை எடுத்தார். படச்சுருளில் வெளிச்சம் விழாத இடத்தில் ஒன்றும் பதியாது, பதியாததைப் பிறகு யாராலும் வரவழைக்க முடியாது என்றார். காரணமும் சொன்னார். பிளாஷ் வெளிச்சம் தூரத்தோடு வேகமாகக் குறையும். இரண்டு மீற்றரில் இருப்பவருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் கால் பங்குதான் நான்கு மீற்றரில் நிற்பவருக்குக் கிடைக்கும். முன்னே வெள்ளை வேட்டி பளிச்சிட்டால் பிளாஷ் அதோடு திருப்திப்பட்டு நின்றுவிடும். என் தம்பி இரண்டு அடி முன்னால் வந்து நின்றிருந்தால் போதும்.

அன்றிலிருந்து எந்தக் கொண்டாட்டத்திலும் நான் படம் எடுத்தால் பின்வரிசை வைப்பதில்லை. எல்லோரையும் ஒரே வளைவாக, கமராவிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க விடுவேன். முடியாவிட்டால் பிளாஷை முகத்துக்கு அடிக்காமல் வெள்ளை முகட்டுக்குத் திருப்புவேன், வெளிச்சம் மேலிருந்து எல்லோர் மீதும் விழும். “கூச்சப்படுகிறவை முன்னுக்கு வாங்கோ” என்று நான் சொல்வதைக் கேட்டு இங்குள்ள சனம் சிரிக்கும். சிரிக்கட்டும்.

எங்கள் மண்டபங்களில் நடக்கும் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சாமத்திய வீட்டு அல்பங்களில் பிள்ளையின் முகத்தை வெளுப்பாக்கித் தருகிறார்கள். கையும் கழுத்தும் ஒரு நிறம், முகம் வேறு நிறம். தாய்மாரே கேட்டு வாங்குகிறார்கள், படம் பிடிப்பவரை மட்டும் குறை சொல்ல முடியாது. முகத்தை வெள்ளையாக்குவது வேறு, முகத்தில் வெளிச்சம் விழச் செய்வது வேறு. வெள்ளையாக்கினால் அந்தப் படத்திலும் பிள்ளை இல்லை. வகுப்புப் படத்தில் நிழலாக மறைந்தாள், அல்பத்தில் பவுடராக மறைகிறாள். இதை நான் ஒரு அக்காவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது வேறு கதை.

கமரா இல்லாதவர்கள் கைத்தொலைபேசியிலேயே நன்றாக எடுக்கலாம். திரையில் முகத்தை விரலால் ஒருமுறை தொடுங்கள். பல தொலைபேசிகளில் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் வரும், அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்காமல் ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். வெளியே என்றால் பனி எங்களுக்கு எதிரி மட்டுமல்ல. தரையிலிருந்து வெளிச்சத்தைத் திருப்பிக் கண்ணுக்குக் கீழே உள்ள நிழலையும் அது நிரப்பும். கடுங் குளிரில் பற்றறி சீக்கிரம் இறங்கிவிடும், மேலதிகப் பற்றறியை உட்சட்டைப் பையில் வைத்திருங்கள். வீட்டுக்குள் வரமுன்னர் கமராவைப் பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டி, இரண்டு மணித்தியாலம் கழித்துத் திறவுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் நீர் கட்டும். இன்னொன்று, நோர்வேயில் ஒருவரின் முகப்படத்தை அவரது சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் படத்தை முகநூலில் போடமுன் தாய் தகப்பனைக் கேளுங்கள்.

போன பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் குசினி ஜன்னலருகே இருத்தினேன். வெளியே முகில், மெல்லிய பனி. 50 மில்லிமீற்றர் லென்ஸ், எப் 2.8, 1/125, ஐ.எஸ்.ஓ. 800. கன்னத்தில் அளந்து ⅓ குறைத்தேன். ஜன்னல் அவளுக்கு இடப்பக்கம், ஒரு மீற்றர் தூரம். அவள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள், கமராவைப் பார்க்கவில்லை. நான் அதுவரை எடுத்ததில் அவளுடைய நிறம் அவளுடைய நிறமாக வந்த முதற் படம் அது. நெற்றியில் தேன் நிறம், கன்னத்தின் மறுபக்கம் புளியங்கொட்டை நிறம், இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ நிறங்கள்.

செவ்வாய்க்கிழமை சுவரில் போட்டேன். மூன்று எண்களையும் சொன்னேன், ஜன்னல் எங்கே இருந்தது என்றும் சொன்னேன். போலந்துக்காரி தன் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது உடனே குரல் வந்தது. “பிள்ளை நல்லாக் கறுத்துப் போச்சு, வெயிலே இல்லாத நாட்டில எப்பிடியடி கறுத்தவள்?” எனக்குக் கோபம் வந்தது, பதில் போடவில்லை. கால் மணித்தியாலம் கழித்து இன்னொரு குரல் வந்தது. இந்த முறை அம்மா மெதுவாகப் பேசினாள்.

“அந்தப் புருவத்தைப் பாத்தனியோ? அவன்ர புருவமடி. சோத்துக் கோப்பையைப் பாக்கேக்க இப்பிடித்தான் சுருக்குவான்.” கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. “அடுத்த முறை பக்கப்பாட்டில எடுத்து அனுப்பு. காதையும் பாக்கோணும்.”

வருகிற ஞாயிறு எடுக்க வேண்டும். எங்கள் குசினி ஜன்னலில் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைதான் வெளிச்சம் நல்லது.